மடிந்த வரியும் முறிந்த வரியும்

பெட்டியில் தட்டும்போது ஒழுங்காகத் தெரிந்த கடிதம், போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு வரி நீளமாகவும் அடுத்த வரி இரண்டே சொல்லாகவும் பல் உதிர்ந்த சீப்பு மாதிரி நிற்கிறது. அல்லது நாலு பத்தியாகப் பிரித்து எழுதியது ஒரே கட்டியாக ஒட்டிக்கொண்டு வருகிறது. அதுவும் இல்லையென்றால் எழுத்து வலது ஓரத்தைத் தாண்டி ஓடிவிடுகிறது. பக்கத்தை இழுத்து இழுத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. இணையப் படிவங்களில் வரி சம்பந்தமாக வரும் தொல்லை பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். பார்க்க வேறு வேறு கோளாறாகத் தோன்றும். ஆனால் முக்கால்வாசி ஒரே குழப்பத்திலிருந்து கிளம்புபவை: கண்ணுக்குத் தெரியும் வரி முடிவு ஒன்று, எழுத்தோடு சேர்த்துச் சேமிக்கப்படும் வரி முடிவு இன்னொன்று.

பெட்டியின் அகலம் தீர்ந்ததும் பிரவுசர் தானாகவே அடுத்த சொல்லைக் கீழே இறக்குகிறது. இதை மடிப்பு என்று வைத்துக்கொள்வோம். மடிப்பு வெறும் தோற்றம். நீங்கள் எழுதியதற்குள் அது எங்கும் இல்லை. பெட்டி அகலமானால் மடிப்பு இடம் மாறும். நீங்கள் என்டர் தட்டினால் நடப்பது வேறு. கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து அந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறது. இது முறிவு. பெட்டி எவ்வளவு அகலமானாலும் முறிவு அங்கேயே இருக்கும். அனுப்பினால் கூடவே போகும்.

எது மடிப்பு, எது முறிவு என்று கண்டுபிடிக்க ஒரு நொடி போதும். பெரும்பாலான பெட்டிகளின் வலது கீழ் மூலையில் இரண்டு சாய்கோடுகள் தெரியும். அதைப் பிடித்து இழுத்துப் பெட்டியைப் பெரிதாக்குங்கள். எல்லா வரியும் நீண்டு புதிய ஓரம்வரை போனால் நீங்கள் பார்த்தது மடிப்பு. சில வரிகள் பாதியிலேயே நின்றால் அங்கே முறிவு இருக்கிறது. மூலையில் கோடு இல்லாத படிவம் என்றால் கண்ட்ரோலோடு கூட்டல் குறியை அழுத்திப் பக்கத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். போனில் என்றால் திரையைப் பக்கவாட்டில் திருப்பினாலே தெரிந்துவிடும். கோளாறு எதுவானாலும் முதலில் இந்தச் சோதனையைச் செய்யுங்கள். இதைச் செய்யாமல் இறங்கினால் ஒன்றைச் சரிசெய்யப்போய் இன்னொன்றைக் கெடுத்து வைப்போம்.

நேரடியாகத் தட்டுகிறவர்களுக்கு ஒரே விதிதான்: வலது ஓரம் வந்துவிட்டதே என்று என்டர் தட்டாதீர்கள். பத்தி முடிந்தால் மட்டும் தட்டுங்கள். பத்திக்கு நடுவே ஒரு வெற்று வரி வேண்டுமென்றால் இரண்டு முறை. தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவர்களுக்கு இது கொஞ்சம் கஷ்டம். மணி அடித்ததும் கை தானாக உருளையைத் தள்ளப் போகும். அந்தக் கை இப்போது என்டருக்குப் போகிறது. உங்கள் திரையில் 60 எழுத்துக்கு ஒரு முறிவு வைத்து அனுப்பியதை, வாங்குகிறவர் 45 எழுத்து மட்டும் கொள்ளும் போன் திரையில் திறக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 45-இல் ஒரு மடிப்பு, 60-இல் ஒரு முறிவு. முதலில் சொன்ன சீப்பு அங்கேதான் பிறக்கிறது.

பிடிஎஃப்பிலிருந்து எடுத்தது

தட்டியதைவிட ஒட்டியதில்தான் தொல்லை அதிகம், அதிலும் பிடிஎஃப்பிலிருந்து எடுத்து ஒட்டியதில். பிடிஎஃப் கோப்புக்குப் பெரும்பாலும் பத்தி என்றால் என்னவென்றே தெரியாது. தாளில் இந்த இடத்தில் இந்த எழுத்து என்கிற கணக்குதான் அதற்குள் இருக்கிறது. காப்பி செய்யும்போது ஒவ்வொரு அச்சு வரியின் கடைசியிலும் ஒரு முறிவு ஒட்டிக்கொண்டு வரும்.

பத்து வரி என்றால் கையாலேயே சரிசெய்துவிடலாம்: வரிக் கடைசியில் கர்சரை வைத்து டெலீட், பிறகு ஒரு ஸ்பேஸ். பத்துப் பக்கம் என்றால் வேர்டில் ஒட்டி, கண்ட்ரோலும் ஹெச்சும் அழுத்தி ‘கண்டுபிடித்து மாற்று’ ஜன்னலைத் திறங்கள். கீபோர்டில் 6-க்கு மேல் இருக்கும் ^ குறியையும் அதை ஒட்டி ஆங்கிலச் சிறிய எழுத்து பி-யையும் தட்டினால் வேர்டுக்கு அது முறிவு என்று அர்த்தம். அவசரப்பட்டு எல்லா முறிவையும் ஸ்பேஸாக மாற்றிவிடக் கூடாது. உண்மையான பத்திப் பிரிவும் சேர்ந்து போய்விடும். மூன்று படியாகச் செய்யுங்கள். முதலில், அடுத்தடுத்து வரும் இரண்டு முறிவுகளைத் தேடி, உங்கள் எழுத்தில் வேறெங்கும் வராத ஓர் அடையாளமாக மாற்றுங்கள். நான் ### போடுவேன். அடுத்து, மிச்சமிருக்கும் ஒற்றை முறிவுகளை எல்லாம் ஸ்பேஸாக மாற்றுங்கள். கடைசியாக ### இருக்கும் இடத்தில் இரண்டு முறிவுகளைத் திரும்ப வையுங்கள். பத்திகளுக்கு நடுவே வெற்று வரி இல்லாத பிடிஎஃப்பில் இந்த வித்தை பலிக்காது. அங்கே பத்தி தொடங்கும் இடங்களில் மட்டும் முதலில் கையால் ### போட்டுவிட்டு, பிறகு இரண்டாம் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.

வேர்டில் ஷிஃப்ட்டோடு என்டர் தட்டியிருந்தால் அது இன்னொரு வகை முறிவு. பி-க்குப் பதிலாக எல் எழுத்தைப் போட்டால்தான் சிக்கும். பி போட்டும் எதுவும் மாறவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

ஒட்டுவதற்குக் கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தும் பழக்கம் நல்லது. எழுத்தின் தடிமன், நிறம் எல்லாம் உதிர்ந்து வெறும் எழுத்து மட்டும் விழும். ஆனால் முறிவுகள் உதிராது. இதை எல்லாவற்றுக்கும் மருந்தாகச் சொல்கிறவர்கள் உண்டு, நம்ப வேண்டாம்.

ஒட்டிய பத்தி எங்குமே மடியாமல் ஒரே வரியாக வலப்பக்கம் ஓடினால் விஷயம் வேறு. வேர்டில் கண்ட்ரோல், ஷிஃப்ட், ஸ்பேஸ் சேர்ந்து அழுத்தினால் ‘பிரியாத இடைவெளி’ விழும். ‘ரூ. 500’ போன்றவை வரிக் கடைசியில் பிரிந்துவிடாமல் இருக்க ஏற்பட்டது அது. பார்வைக்குச் சாதாரண ஸ்பேஸ்தான். பத்தி முழுக்க அதுவே இருந்தால் பிரவுசர் கண்ணுக்கு அந்தப் பத்தி மொத்தமும் ஒரே சொல். எங்கே மடிப்பது? வேர்டில் ^ குறியோடு எஸ் எழுத்தைத் தேடி, சாதாரண ஸ்பேஸாக மாற்றிவிட்டு மறுபடி ஒட்டுங்கள். நோட்பேட் மட்டும்தான் இருக்கிறது என்றால் அந்த இடைவெளியில் ஒன்றைக் காப்பி செய்து, தேடும் கட்டத்தில் ஒட்டி, மாற்றும் கட்டத்தில் ஸ்பேஸ் தட்டினால் போதும்.

இதற்குத் தம்பி முறையில் இன்னொன்று: காற்புள்ளிக்குப் பின் இடம் விடாத பழக்கம். ‘சென்னை,மதுரை,திருச்சி,சேலம்,ஈரோடு’ என்று இடைவெளியே இல்லாமல் எழுதினால், யூனிகோடு வகுத்திருக்கும் வரி முறிப்பு விதிப்படி காற்புள்ளியை அடுத்து நேராக எழுத்து வந்தால் அங்கே மடிக்க அனுமதி இல்லை. இருபது ஊர் எழுதினாலும் ஒரே சொல்தான். காற்புள்ளிக்குப் பின் ஒரு ஸ்பேஸ் விட்டால் தீர்ந்தது.

ஒற்றை வரிக் கட்டம்

பெயர், ஊர், கைபேசி எண் கேட்கும் கட்டங்கள் ஒற்றை வரிக்கென்றே செய்தவை. அங்கே மடிப்பும் கிடையாது, முறிவும் கிடையாது. என்டர் தட்டினால் பல படிவங்கள் பாதி நிரப்பிய நிலையிலேயே போய்ச் சேர்ந்துவிடும். இதில் அடிபட்டவர்கள் நிறையப் பேர். நாலு வரி முகவரியை அதில் ஒட்டினால் முறிவுகள் களையப்படும். கதவு எண்ணும் தெருப் பெயரும் காற்புள்ளி இல்லாமல் அடுத்தடுத்து நிற்கும். சில சமயம் ஸ்பேஸ்கூட இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே முகவரியைக் காற்புள்ளி போட்டு ஒரே வரியாக்கிக்கொள்வதுதான் வழி. நீளமாக எழுதியதை அந்தக் கட்டத்தில் சரிபார்க்க ஹோம், எண்ட் பொத்தான்கள் உதவும்: ஒன்று முதலுக்கும் மற்றது கடைசிக்கும் கொண்டுபோகும்.

ஐபோனில் மட்டும் வரும் ஒரு தொல்லையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பல வரிப் பெட்டியைத் தொட்டதும் பக்கம் பெரிதாகி வலது ஓரம் திரைக்கு வெளியே போய்விடும். வரி மடியவில்லை என்று தோன்றும். உண்மையில் மடிந்துதான் இருக்கிறது, மடிப்பு திரைக்கு வெளியே இருக்கிறது. பெட்டியின் எழுத்து அளவு 16 பிக்சலுக்குக் குறைந்தால் சஃபாரி அப்படிப் பெரிதாக்கும். நிரப்புகிறவர் இரண்டு விரலால் சுருக்கிக்கொள்ளலாம். படிவம் செய்தவர் எழுத்தை 16 ஆக்கிவிட்டால் யாரும் சுருக்க வேண்டியதில்லை.

தமிழில் எழுதும்போது எழுத்து எண்ணிக்கை

‘500 எழுத்துக்குள்’ என்று பெட்டிக்குக் கீழே எழுதியிருக்கும். அந்த எழுத்து நாம் எண்ணும் எழுத்து அல்ல. ‘தமிழ்நாடு’ நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி, ந, ஆகாரக் குறி, ட, உகரக் குறி என்று ஒன்பது. ஆக 500 என்பது தமிழில் நாற்பது, ஐம்பது சொல்லுக்குள் தீர்ந்துவிடும். இதைவிட மோசம், எல்லையை மீறி ஒட்டினால் பல பெட்டிகள் எந்த எச்சரிக்கையும் தராமல் மிச்சத்தை வெட்டிவிடுகின்றன. தமிழில் ஒட்டியதும் முதலில் கடைசி வாக்கியம் முழுதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

முறிவும் எண்ணிக்கையில் சேரும். பெட்டிக்குள் பிரவுசர் ஒரு முறிவை ஒன்று என்று எண்ணுகிறது. படிவத்தை அனுப்பும்போது அதையே இரண்டாக்கி அனுப்புகிறது: அச்சிடும் இடத்தை வரியின் தொடக்கத்துக்குக் கொண்டுவர ஒன்று, தாளை ஒரு வரி ஏற்ற ஒன்று என்று டெலிபிரின்டர் காலத்தில் இருந்த இரட்டைக் குறி அது. எட்டு முறிவு இருந்தால் பெட்டியில் சரியாக 500 காட்டிய கடிதம் சர்வரில் 508. ‘எல்லை மீறியது’ என்று அது திருப்பி அனுப்பும்போது எழுதியவருக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. பத்து, இருபது எழுத்து குறைத்துக்கொண்டு அனுப்புங்கள், வாதாடிப் பயனில்லை.

படிவம் செய்கிறவர்களுக்கு

இனி வருவது சங்கத்துக்கோ கடைக்கோ பள்ளிக்கோ படிவம் செய்து தருகிறவர்களுக்கு. நிரப்புகிறவர்கள் மேலே உள்ளதைப் படித்தாலே போதும். கடைசிப் பத்தியில் அச்செடுப்பது பற்றி இருப்பதை மட்டும் பார்த்துவிடுங்கள்.

பல வரிப் பெட்டிக்கு ‘ராப்’ என்று ஒரு பண்பு உண்டு. எதுவும் எழுதாமல் விட்டால் ‘சாஃப்ட்’: மடிப்பு திரையோடு நின்றுவிடும். ‘ஹார்டு’ என்று வைத்தால் ‘கால்ஸ்’ எண் சொல்லும் அகலத்தில் பிரவுசரே முறிவுகளைச் செருகி அனுப்பும். பழைய மாதிரிகளிலிருந்து நகலெடுத்த படிவங்களில் இது இன்னும் ஒளிந்திருக்கிறது. பயனர் ஒரு தவறும் செய்யாமலேயே வரி சிதறி வந்தால் முதலில் இங்கே தேடுங்கள். இன்றைக்கு ‘ஹார்டு’ தேவைப்படும் படிவம் அநேகமாக இல்லை, எடுத்துவிடுங்கள். ‘ஆஃப்’ என்று இருந்தால் மடிப்பே நடக்காது. நிரலைத் தட்டும் பெட்டிக்கு அது சரி, மனு எழுதும் பெட்டிக்குச் சரியல்ல. அகலத்துக்கும் ‘கால்ஸ்’ எண்ணை நம்ப வேண்டாம். பெரும்பாலும் லத்தீன் எழுத்தின் சராசரி அகலத்தில் போகும் கணக்கு அது; தமிழ் எழுத்துகள் அதைவிட அகலம். அகலத்தை 100 சதவீதம் என்று சிஎஸ்எஸ்ஸில் எழுதிவிடுவது நல்லது.

பத்தியெல்லாம் ஒட்டிக்கொண்டு வருகிறது என்கிற புகாருக்குக் காரணம் பெட்டியில் இல்லை, பிறகு காட்டும் பக்கத்தில் இருக்கிறது. ஹெச்டிஎம்எல்லுக்கு முறிவும் ஸ்பேஸும் ஒன்றுதான். எத்தனை சேர்ந்து வந்தாலும் ஒரே ஸ்பேஸாகக் காட்டும். பலர் இதற்குச் செய்வது, சேமிக்கும்போதே ஒவ்வொரு முறிவையும் ‘பிஆர்’ குறியாக மாற்றி டேட்டாபேஸில் போடுவது. அன்றைக்கு வேலை முடிந்துவிடும். அடுத்த மாதம் பயனர் ‘திருத்து’ பொத்தானை அழுத்தினால் பெட்டிக்குள் எழுத்துக்கு நடுவே அந்தக் குறிகள் குச்சி குச்சியாக நிற்கும். அதையும் திருத்திச் சேமித்தால் இரட்டிப்பாகவும் கூடும். தட்டியது எப்படியோ அப்படியே சேமியுங்கள். காட்டும் இடத்தில் மட்டும் சிஎஸ்எஸ்ஸின் ‘ஒயிட்-ஸ்பேஸ்’ பண்புக்கு ‘ப்ரீ-ராப்’ என்று மதிப்புக் கொடுங்கள். முறிவு முறிவாகவும் நீள வரி மடிப்பாகவும் தெரியும். எழுதியதை ஹெச்டிஎம்எல்லாக மாற்ற வேண்டிய அவசியமே இல்லாததால், பயனர் எழுத்தை எஸ்கேப் செய்து பாதுகாப்பாகக் காட்டும் வழக்கத்தையும் இது கெடுக்காது.

எழுத்து வலப்பக்கம் வழிவதற்கு நீளச் சொல்லும் இணைய முகவரியும்தான் முக்கியக் காரணம். தமிழில் ‘ஒப்படைக்கப்பட்டிருக்கவேண்டும்’ போன்ற ஒரே சொல் குறுகிய போன் திரையில் ஒரு வரியைத் தாண்டிவிடக்கூடும். ‘ஓவர்ஃப்ளோ-ராப்’ பண்புக்கு ‘எனிவேர்’ என்று கொடுத்தால், வேறு வழியே இல்லாத இடத்தில் மட்டும் சொல்லை நடுவில் உடைக்கும். இதற்குப் பதில் ‘வேர்டு-பிரேக்’ பண்பில் ‘பிரேக்-ஆல்’ போடச் சொல்லும் ஆலோசனையும் உலவுகிறது. போடாதீர்கள். அது அவசியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு வரிக் கடைசியிலும் அகப்பட்ட சொல்லை வெட்டும். உயிர்மெய் பிரியாது என்றாலும் ‘விண்ணப்’ மேலேயும் ‘பம்’ கீழேயுமாகத் தமிழ் படிக்கிறவரைத் தடுக்கிக்கொண்டே இருக்கும்.

இதைச் செய்தும் வழிகிறதா? ‘ஃப்ளெக்ஸ்’ வரிசைக்குள் அந்தப் பெட்டி இருக்கிறதா பாருங்கள். அதற்குள் இருக்கும் துண்டு தன் உள்ளடக்கத்தின் மிக நீளமான சொல்லைவிடச் சுருங்க மறுக்கும்; ‘மின்-விட்த்’ 0 என்று எழுதினால் சுருங்கும். ‘ஃபீல்டுசெட்’ குறிக்கும் இதே பிடிவாதம் பிறவியிலேயே உண்டு. அதற்கும் அதே மருந்து.

மெயிலில் உடையும் தமிழ்

ஆங்கிலத்தில் சோதித்துப் பார்த்தபோது ஒழுங்காக வந்த படிவம், தமிழில் மட்டும் மெயிலாகப் போகும்போது வரிக்கு இரண்டு, மூன்று சொல்லாக உடைந்து வந்தால், சர்வரில் யாரோ வரியை அளந்து வெட்டுகிறார்கள் என்று அர்த்தம். ஐபிஎம் 1928-இல் கொண்டுவந்த துளை அட்டையில் 80 நெடுவரிசைகள். பிறகு வந்த கணினித் திரைகளும் அந்த 80-ஐப் பிடித்துக்கொண்டன. மெயில் விதியும் ஒரு வரி 78 எழுத்துக்குள் இருந்தால் நல்லது என்கிறது. இந்தப் பரம்பரையில் வந்தது பிஹெச்பியின் ‘வேர்டுராப்’ கட்டளை. அளவு சொல்லாவிட்டால் 75-இல் வெட்டும். எழுபத்தைந்து எழுத்து அல்ல, எழுபத்தைந்து பைட். யுடிஎஃப்-8 முறையில் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் மெய்க்கும் குறிக்கும் தனித்தனியே மூன்று மூன்று பைட். ‘தமிழ்நாடு’ மட்டுமே 27 பைட். வரிக்கு இரண்டு, மூன்று சொல் தேறுவதே பெரிது. நீளச் சொல்லையும் வெட்டு என்று அதே கட்டளைக்குச் சொல்லியிருந்தால் மூன்று பைட்டின் நடுவில் கத்தி விழும். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி போட்ட அந்த அடையாளம் அப்போதுதான் முளைக்கிறது.

அந்தக் கட்டளையை எடுத்துவிடுங்கள். வாங்குகிறவரின் மெயில் செயலி தானே மடித்துக்கொள்ளும். அதற்காக மொட்டையாகவும் அனுப்பக் கூடாது. மெயில் வரிக்கு 998 பைட் என்று கண்டிப்பான மேல் எல்லை இருக்கிறது. குறிக்கு மூன்று பைட் என்ற கணக்கில் 330-க்குச் சற்று மேற்பட்ட தமிழ்க் குறிகள் கொண்ட பத்தியே அதை மீறிவிடும். வழியில் ஏதாவது ஒரு சர்வர் அங்கே முறிவைச் செருகலாம், அதுவும் எழுத்தின் நடுவில். தேர்ந்த மெயில் நிரல்தொகுப்பு எதுவானாலும் பேஸ்64 அல்லது கோட்டட்-பிரின்டபிள் முறையில் பொதிந்து அனுப்பி இதைத் தவிர்த்துவிடும். கையால் மெயில் கட்டி அனுப்பும் பழைய நிரல்களில்தான் ஆபத்து. வந்த மெயிலில் வரிக் கடைசியில் = குறி தொங்கினால், பொதிந்தது சரி, எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் மெயில் தலைப்பு (ஹெடர்) தவறு என்று கொள்ளுங்கள்.

விரிதாளுக்கு ஏற்றும் படிவம் என்றால் சிஎஸ்வியில் கவனம். பயனரின் முறிவு மேற்கோள் குறிக்குள் பத்திரமாக இருக்கும், சரியான நிரல் அதைப் படித்துக்கொள்ளும். ‘ஒரு வரி, ஒரு ஆள்’ என்று எண்ணும் குறுக்குவழி நிரல் ஒரு மனுவை நாலு மனுவாக்கிவிடும்.

வெளியிடுவதற்கு முன் நீங்களே ஒரு சோதனைக் கடிதம் போடுங்கள். அதில் வெற்று வரியால் பிரிந்த இரண்டு பத்திகள், என்டர் தட்டிய மூன்று வரி முகவரி ஒன்று, மிக நீளமான தமிழ்ச் சொல் ஒன்று, நீளமான இணைய முகவரி ஒன்று, இடம் விடாமல் காற்புள்ளி போட்ட ஊர்ப் பட்டியல் ஒன்று, எல்லாம் இருக்கட்டும். அனுப்பிவிட்டு ஒப்புகைப் பக்கம், மெயில், நிர்வாகியின் திரை, விரிதாள் என்று நாலு இடத்திலும் போனிலும் பாருங்கள்.

ஐந்தாவது இடம் அச்சுத் தாள். அலுவலகங்களில் கோப்பில் ஏறுவது இன்னும் தாள்தானே. நிரப்பிய படிவத்தை அப்படியே பிரின்ட் கொடுத்தால் பெட்டிக்குள் கண்ணுக்குத் தெரியும் பகுதி மட்டும்தான் தாளில் வரும். உருட்டிப் பார்க்க வேண்டிய மிச்சம் வராது. நிரப்புகிறவர் பிரின்ட் கொடுக்கும் முன் மூலையைப் பிடித்து இழுத்து, கடைசி வரி தெரியும்வரை பெட்டியை நீட்டிக்கொள்ள வேண்டும். படிவம் செய்கிறவர் ஒப்புகைப் பக்கத்தில் மனுவைப் பெட்டிக்குள் போடாமல் வெறும் எழுத்தாகக் காட்டிவிட்டால் இந்த வேலை யாருக்கும் இல்லை.